போர்வீரர் நினைவுத் தோட்டத்தில் எதை, எப்படிப் பார்ப்பது?

வெளிநாட்டுப் பயணத்தின்போது போர்வீரர்களுக்கான நினைவுத் தோட்டம் ஒன்றுக்குச் செல்ல வாய்ப்பிருக்கிறது. வரிசையாக நிற்கும் கற்களையும் புல்தரையையும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்பது கேள்வி. பார்ப்பதற்குக் குறைவாகவும் வாசிப்பதற்கு நிறையவும் இருக்கிறது என்பதே என் பதில். அங்கே நிலவும் அமைதி தானாக வந்ததன்று. கல்லின் உயரம் முதல் அதன் காலடியில் எந்தச் செடி நிற்கலாம் என்பது வரை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்; சில முடிவுகளுக்காக நாடாளுமன்றத்தில் சண்டையே நடந்திருக்கிறது. அந்த முடிவுகளைத் தெரிந்துகொண்டு உள்ளே சென்றால், அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய ஒரு தோட்டத்தில் அரை நாள் போவதே தெரியாது. உலகில் அதிகம் காணக்கூடியவை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் தோட்டங்கள் என்பதால் பெரும்பாலும் அவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்கு முன்பு சாதாரணச் சிப்பாய்க்குத் தனிக் கல்லறை என்பது பெரும்பாலும் எட்டாத ஒன்றாகவே இருந்தது. தளபதிக்குச் சிலை எழும்; படையாட்கள் கூட்டமாக ஒரே குழியில் புதைக்கப்படுவார்கள். 1914-இல் வயது கடந்துவிட்டதால் படையில் சேர இயலாத ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயர், பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவொன்றுக்குப் பொறுப்பாளராகச் சென்றார். அங்கே கல்லறைகளைக் குறித்துவைக்க ஆளே இல்லை என்பதைக் கண்டு, தம் குழுவினரைக் கொண்டு அவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார். 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் அந்தப் பணி ஓர் ஆணையமாக உருப்பெற்றது. இன்றுள்ள பெயர் 1960-இல் வந்தது. இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவை, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 23,000 இடங்களில் அது பேணிவருகிறது.

ஆணையம் உறுதியாகப் பற்றிக்கொண்ட முதல் பெரிய முடிவு, உடல்களைத் தாய்நாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்பது. 1915-இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனுடைய உடல் பிரான்சிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துக்கு மட்டும் கிடைக்கக்கூடிய சலுகை அது என்று வேர் கருதினார். அதன் பிறகு தடை வந்தது. அடுத்த முடிவு, பதவியைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் கென்யன் 1918-இல் அளித்த அறிக்கை இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. கடுமையான எதிர்ப்பு எழுந்தது. தங்கள் பிள்ளைகளின் தலைமாட்டில் கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வேண்டும் என்று 8,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 1920 மே 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, ஆணையத்தின் கொள்கை நிலைபெற்றது. இறந்தவன் அரசுக்குச் சொந்தமா, தாய்க்குச் சொந்தமா என்பதே அந்த விவாதத்தின் அடிநாதம். எனக்கு இன்றும் அந்தத் தாய்மார்களின் பக்கம் மனம் சாய்வதுண்டு. ஆனால் கர்னலும் சமையற்காரரும் அருகருகே ஒரே உயரத்தில் நிற்பதை நேரில் பார்க்கும்போது, ஆணையம் செய்தது சரி என்றும் தோன்றுகிறது.

இப்போது ஒரு கல்லின் முன் நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும் வகைக் கல்லாயின் அதன் உயரம் 81 செ.மீ., அகலம் 38 செ.மீ., தடிமன் 7.6 செ.மீ. உச்சி இலேசாக வளைந்திருக்கும்; மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். மேலே படைப்பிரிவின் சின்னம் அல்லது நாட்டின் சின்னம். அதன் கீழ்ப் படை எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள், தெரிந்திருந்தால் வயது. நடுவில் மதக் குறி. குடும்பம் வேண்டாம் என்றால் அந்த இடம் வெறுமையாக விடப்படும். எல்லாவற்றுக்கும் அடியில், புல்லின் விளிம்பை ஒட்டிச் சில கல்களில் ஒரு வரி இருக்கும். குனிந்து பார்க்காதவர் கண்ணில் அது படாது. குடும்பத்தினர் எழுதித் தந்த வரி அது. இடைவெளி உட்பட 66 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முதல் போருக்குப் பின் ஓர் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணம் கேட்டார்கள். எதிர்ப்பு வந்ததால் பிறகு அது விருப்பம்போல் தரும் தொகையாயிற்று. நியூசிலாந்து மட்டும், சமத்துவம் என்றால் முழுச் சமத்துவம் என்று சொல்லித் தன் வீரர்களின் கல்களில் இந்த வரியை அனுமதிக்கவே இல்லை. கல் முழுவதும் அரசு பேசுகிறது. அந்தக் கடைசி வரியில் மட்டும் வீடு பேசுகிறது. நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரிசை முழுவதும் குனிந்து அந்த வரிகளை மட்டும் வாசித்துவிட்டு வாருங்கள்.

சில கல்களில் பெயர் இருக்காது. “மாபெரும் போரின் சிப்பாய் ஒருவர்” என்ற பொருளில் மேலே ஒரு வரியும், “இறைவன் அறிவான்” என்ற பொருளில் கீழே ஒரு வரியும் இருக்கும். இந்தச் சொற்களைத் தேர்ந்து தந்தவர் ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராக இருந்த ரட்யார்ட் கிப்ளிங். அவருடைய மகன் ஜான் 1915 செப்டம்பரில் லூஸ் போரில் காணாமற்போனபோது வயது 18. 1936-இல் கிப்ளிங் இறக்கும்வரை மகனின் கல்லறை எதுவென்று அவருக்குத் தெரியாது. பெயர் தெரியாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் எழுதிய வரிதான் பல்லாண்டுகள் அவருடைய பிள்ளைக்கும் உரியதாக இருந்தது.

பெரிய தோட்டங்களில் பலிபீடம் போன்ற ஒரு நீண்ட கல் இருக்கும். அது கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுக் கல். நேர்கோடுகளால் ஆனதுபோல் தோன்றினாலும் அதன் பரப்புகள் மிக நுட்பமாக வளைந்தவை. அந்த வளைவை நீட்டிக்கொண்டே போனால் 1,801 அடி 8 அங்குல விட்டமுள்ள கோளம் கிடைக்கும். எந்த மதத்தின் அடையாளமும் அதில் வேண்டாம் என்பது லட்யன்ஸின் பிடிவாதம். மதக் குறி வேண்டியவர்களுக்காக ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு வடிவமைத்த, வெண்கல வாள் பதித்த சிலுவை தனியாக நிற்கும். நினைவுக் கல்லில் “அவர்கள் பெயர் என்றென்றும் வாழும்” என்ற பொருளுடைய வரி பொறிக்கப்பட்டிருக்கும். விவிலிய மரபைச் சேர்ந்த அந்த வாக்கியத்தின் முற்பாதி, அவர்கள் உடல்கள் அமைதியாகப் புதைக்கப்பட்டுள்ளன என்று தொடங்குகிறது. கல்லில் அது இல்லை. எரியூட்டப்பட்டவர்களையும் கடலோடு போனவர்களையும் சேர்த்து நினைக்கும் இடத்தில் அந்த முற்பாதி பொருந்தவும் பொருந்தாது.

தோட்டத்துக்கு வருவோம். இந்த இடங்களைக் கல்லறை வளாகமாக மட்டும் விடாமல் தோட்டமாக ஆக்க வேண்டும் என்ற எண்ணம் போர் நடந்துகொண்டிருந்தபோதே பிறந்துவிட்டது. கியூ தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநராக இருந்த ஆர்தர் ஹில் 1916-இல் பிரான்சின் கல்லறைகளைப் பார்வையிட்டு, எந்த மண்ணில் எது வளரும் என்று ஆலோசனை சொன்னார். புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில் சில இடங்களுக்கு நடவுத் திட்டம் வரைந்து தந்தார். இங்கிலாந்தின் கிராமத்து வீட்டுத் தோட்டத்தை நினைவூட்டும் ரோஜாவும் பல்லாண்டுப் பூச்செடிகளும் கல்லின் காலடியில் ஒரு குறுகலான பாத்தியில் நிற்கும். கல்லுக்கு நேர் முன்னால் எப்போதும் குட்டையான, தரையோடு படரும் செடியே இருக்கும். உயரமானவை இரண்டு கல்களுக்கு இடையில் இருக்கும். காரணம் அழகு மட்டுமன்று. வெறும் மண்ணாக இருந்தால் மழைத்துளி விழுந்து சேறு தெறித்துக் கல்லின் அடிப்பகுதி கறைபடும். உயரமான செடியாக இருந்தால் எழுத்து மறையும். சேற்றையும் தடுக்க வேண்டும், அந்தக் கடைசி வரியையும் மறைக்கக் கூடாது. தோட்டக்காரர் புல்லின் விளிம்பைக் கத்தரித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அவர் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நொடி நின்று எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டே நகர்வது புரியும். இறந்தவர் எந்த நாட்டவரோ அந்த நாட்டு மரத்தைக் கூடியவரை அருகில் நடுவதும் ஒரு மரபு. கனடியருக்கு மேப்பிள், ஆஸ்திரேலியருக்கு யூகலிப்டஸ் என்று.

வெப்ப நாடுகளில் காட்சி வேறு. தாய்லாந்து, மியன்மார், நாகாலாந்து போன்ற இடங்களில் நிமிர்ந்த கல்லுக்குப் பதிலாக, முழங்காலுக்கும் கீழே நிற்கும் சிறிய பீடத்தின் மேல் சாய்வாகப் பதித்த வெண்கலத் தகட்டைக் காண்பீர்கள். நண்பகல் வெயிலில் அந்தத் தகட்டின் மேல் கை வைக்க முடியாது. காலையில் செல்லுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது அதனால்தான். சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் புடைத்த எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்பது இரண்டாவது காரணம்.

இந்த வகைத் தோட்டங்களில் என்னைக் கேட்டால் ஒன்றையாவது பார்த்தாக வேண்டும் என்று நான் சொல்வது நாகாலாந்தின் கோகிமாவை. 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் நடந்த சண்டையின் நடுப்புள்ளி, மாவட்டத் துணை ஆணையரின் பங்களாவும் அதன் டென்னிஸ் மைதானமும். மைதானத்தின் இரு ஓரங்களிலும் இரு படைகளும் குழி வெட்டிப் பதுங்கி, கையெறி குண்டு வீசும் தூரத்தில் மோதிக்கொண்டன. இன்று அந்தச் சரிவு முழுவதும் படிப்படியாக இறங்கும் தோட்டம். டென்னிஸ் மைதானத்தின் எல்லைக்கோடுகளை மட்டும் வெள்ளைச் சிமெண்டில் அப்படியே காட்டியிருக்கிறார்கள். ஜப்பானியத் துப்பாக்கி வீரன் ஒளிந்து சுட்ட செர்ரி மரம் சண்டையில் அழிந்துவிட்டது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த மரம் இப்போது அங்கே நிற்கிறது. 1,420 கல்லறைகளைக் கடந்து உச்சிக்கு ஏறினால், தம் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் தாங்கிய நினைவகம் இருக்கிறது. பலர் கீழே உள்ள கல்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கல்லறை வரிசையில் இந்துப் பெயர்களைத் தேடிக் காணாமல், நம்மவர் யாரும் இங்கே இல்லைபோலும் என்று நினைத்துவிடுகிறார்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர் சுவரில் இருக்கும். எந்தத் தோட்டத்திலும் சுவரைத் தவறவிடாதீர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறைகள் நாலாயிரத்துச் சொச்சம்தான். தூண்களில் உள்ள பெயர்களோ 24,000-க்கும் மேல். இங்கிலாந்தில் பிரைட்டன் அருகே குன்றின்மேல் 53 இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்ட இடத்தில் 1921-இல் திறக்கப்பட்ட சத்ரி மண்டபம் இருக்கிறது. அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய சுவர் அதன் அருகில் 2010-இல்தான் வந்தது.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, எல்லோரையும் சமமாக நினைத்தார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள தோட்டம் மிக அழகானது; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதை வேலையில் மாண்ட போர்க்கைதிகள் அங்கே துயில்கிறார்கள். காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேர், டச்சுக்காரர்கள் 1,896 பேர். காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பலை இரண்டு கல்லறைகளில் வைத்து, அந்த 300 பேரின் பெயர்களையும் மண்டபத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்த அளவுக்குக் கவனம். ஆனால் அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் என்றால், கூலி வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். அவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் ஆணையத்தின் பொறுப்பில் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு தகடும் இல்லை. 2023-இல் தாய்லாந்துத் தமிழர்கள் காஞ்சனபுரியில் ஒரு புத்த ஆலய வளாகத்தில் அவர்களுக்காக நடுகல் ஒன்றை நாட்டினார்கள். போரில் இறந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதி வழியோரத்தில் நட்ட மரபில் வந்தவர்கள், பெயரே எழுதி வைக்கப்படாதவர்களுக்கு நட்ட கல் அது. காஞ்சனபுரிக்குச் செல்லும் தமிழர் எவரும் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பேன்.

படைவீரர்களிலும் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிடவில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர், சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டது: முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய, சோமாலியர்கள் சமமாக நினைவுகூரப்படவில்லை, மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பின் எழுந்தவற்றில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பழைய கம்பெனித் தோட்டத்தில் 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட நினைவகம். ஆப்பிரிக்காவில் நடந்த சண்டைகளில் பாரம் சுமந்தும் வண்டியோட்டியும் இறந்த 1,772 பேருக்கு, ஆளுக்கொரு மரத்தூண், தூணுக்கொரு பெயர். அங்கே சுவர் இல்லை. தூண்களுக்கு இடையில் நடக்க வேண்டும்.

பிற நாட்டுத் தோட்டங்கள் வேறு வேறு இலக்கணம் கொண்டவை. டப்ளினில் லட்யன்ஸ் வடிவமைத்த தாழ்ந்த ரோஜாத் தோட்டங்களை 1930-களில் உருவாக்கிய தொழிலாளர்களில் பாதிப் பேர் பிரிட்டிஷ் படையின் முன்னாள் வீரர்கள், பாதிப் பேர் அயர்லாந்துப் படையின் முன்னாள் வீரர்கள். அதிகம் பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று இயந்திரங்களைத் தவிர்த்தார்கள். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அகர வரிசையில் இல்லாமல் இறந்த நாள் வரிசையில் உள்ளன. ஆகவே ஒரே நாளில் ஒரே இடத்தில் விழுந்தவர்கள் சுவரிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவு மரத்தோட்டத்தின் சுவரில், இன்னும் இறக்காதவர்களுக்காகப் பல்லாயிரம் பெயர்களுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். பெயர்கள் நிறைந்த பகுதியைவிட அந்த வெற்றுக் கல் முன்னால்தான் எனக்கு நிற்க முடியவில்லை.

நடந்துகொள்வது பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பொது அறிவு போதும். பாத்திகளின் மேல் காலை வைக்காதீர்கள். புல்தரையில் நடக்கலாம், அது நடப்பதற்கென்றே விடப்பட்டது. குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். ஓடிப் பிடித்து விளையாட வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். சொந்தத்துக்குப் படம் எடுக்கத் தடையில்லை, ஆனால் அருகில் யாராவது ஒரு கல்லின் முன் தனியாக நின்றுகொண்டிருந்தால் காமிராவை இறக்கிவிடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியோ மணலோ தேய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கல்லை அரிக்கும், அறவே கூடாது. வெற்றுத் தண்ணீரைத் தெளித்தாலே எழுத்து எழும்பிவரும். பூ வைக்கலாம், தாளையும் நெகிழி உறையையும் கழற்றிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அதைப் பொறுக்குவது அந்தத் தோட்டக்காரர்தான். யூதர் கல்லின்மேல் சிறு கூழாங்கற்கள் இருந்தால் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். வந்துபோனவர்கள் வைத்துவிட்டுப் போன அடையாளம் அது.

உள்ளே நுழைந்ததும் வாயில் சுவரில் வெண்கலக் கதவுள்ள சிறு பெட்டி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடும் தோட்டத்தின் வரைபடமும், வந்தவர்கள் எழுதும் புத்தகமும் அதற்குள் இருக்கும். குடும்பத்தில் யாராவது போரில் போய்த் திரும்பாதவர் இருந்தால், புறப்படும் முன்பே ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடிக்கொள்வது நல்லது; கல்லறை எண்ணோ சுவரின் பத்தி எண்ணோ கிடைத்துவிடும். நம் பெயர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ராமசாமி என்ற ஒரே பெயரை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். முன்னெழுத்து இருக்காது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இவருடைய பெயரே நிற்கும். ஆகவே பெயரை முழுதாக இடாமல் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டு, படைப்பிரிவையும் ஆண்டையும் கொண்டு வடிகட்டுங்கள். படை எண் தெரிந்தால் தேடல் இன்னும் எளிது. பல இந்தியப் பெயர்களின் கூடுதல் தகவல் கட்டத்தில், இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று ஒரு வரி இருக்கும்; மணமானவராயின் மனைவியின் பெயரும் இருக்கும். தாத்தாவின் தம்பியா, அதே பெயருள்ள வேறொருவரா என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும், அதனால் ஊர்ப் பெயரின் பழைய எழுத்துமுறையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.